லியோனில் மூன்றரை மணி நேரச் சாப்பாடு

நவம்பர் 14, செவ்வாய் – பாரீஸ்

வந்து இறங்கியதிலிருந்து மழை. கொட்டவும் கொட்டாது, நிற்கவும் நிற்காது. ஈஃபில் கோபுரம் இடுப்பு வரைக்கும்தான் தெரிந்தது, மேலே மேகம். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

இந்தப் பயணமே அக்காவுக்காக. ஆரணியில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். டிவியில் சமையல் போட்டிகள் பார்த்துப் பார்த்து ஓர் ஆசை: பிரெஞ்சுக்காரர்கள் ஹோட்டலில், அவர்கள் எப்படிச் சாப்பிடுவார்களோ அப்படியே உட்கார்ந்து, ஒரு வேளை முழுச் சாப்பாடு. காசு அவருடையது. பெட்டி தூக்குவதும் வழி கேட்பதும் என் வேலை. கோழி, மீன், முட்டை சாப்பிடுவார். மாடு, பன்றி கிடையாது. அதனால்தான் லியோன்: கோழிக்கும் ஆற்று மீனுக்கும் பேர் போன ஊர்.

சாயங்காலம் லா ஷப்பேல் பக்கம் போனோம். கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பின்னால், புடவைக் கடை, நகைக் கடை, மரக்கறிக் கடை என்று தெரு முழுக்க ஈழத் தமிழர்கள். கொத்து ரொட்டி 9 யூரோ, இரண்டு பேர் சாப்பிடலாம். எதிரில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு தானே பேச்சுக் கொடுத்தார். யாழ்ப்பாணம். வந்த புதிதில் கோப்பை கழுவினாராம், இப்போது ஒரு பெரிய பிரெஞ்சு ரெஸ்டாரன்டில் சமையல்காரர். அவருக்கு அக்காவின் ஆசை ரொம்பப் பிடித்துவிட்டது.

“இரவுக்குப் போகாதேங்கோ அக்கா. மத்தியானம் போங்கோ. அதே குசினி, அதே ஆக்கள்தான் சமைக்கினம், காசு மட்டும் அரைவாசி. போத்தல் தண்ணி வேணுமோ எண்டு கேப்பினம். காராஃப் எண்டு சொல்லுங்கோ, பைப் தண்ணி, சும்மா தருவினம். வெக்கப்பட ஒண்டுமில்லை.”

அந்தத் தண்ணீர் சட்டப்படியே இலவசம், ரொட்டிக்கும் தனியாகக் காசு கிடையாது. டிப்ஸ் பற்றி அக்கா கேட்டார். சர்வீஸ் காசு விலையிலேயே சேர்த்திருக்கும், விருப்பமென்றால் கொஞ்சம் வைக்கலாம், வைக்காவிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்றார். மிஷ்லின் நட்சத்திரம் பற்றி நான் கேட்டேன். “ஸ்டார் சாப்பாட்டுக்குத் தம்பி, கதிரை மேசைக்கு இல்லை.” டயர் கம்பெனிக்காரர்கள் 1900-இல் கார் ஓட்டிகளுக்காகப் போட்ட கையேடு அது. 1926-இல் நல்ல ரெஸ்டாரன்டுகளுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தார்கள், இன்றைக்கு ஒரு நட்சத்திரத்துக்காகச் சமையல்காரர்கள் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள்.

“நீங்க சமைக்கிற இடத்துக்கே வந்துடறோமே” என்றார் அக்கா. அவர் சிரித்தார். “அங்க நானே ஒரு நாளும் கதிரையில இருந்து சாப்பிட்டதில்லை அக்கா.”

எழுந்து போகும்போது எங்கள் தேத்தண்ணிக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

நவம்பர் 15, புதன் – லியோன்

பாரீஸிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம். மழையும் கூடவே வந்தது. ரோன், சோன் என்று இரண்டு ஆறுகள், நடுவில் நாக்கு மாதிரி நீண்ட நிலம், அதில்தான் ஊரின் பரபரப்பெல்லாம். இரண்டு ஆறும் கலங்கி, கரை தொட ஓடிக்கொண்டிருந்தன.

அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு வெளியே வரும்போது மணி இரண்டு இருபது. அங்கேதான் மாட்டினோம். முதல் கடையில் பாதி மேசைகளில் ஆட்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் நமக்குக் கிடையாது. அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டினார். இரண்டாவது கடை, மூன்றாவது கடை, அதே கதை. சமையலறை மூடினால் மூடினதுதான், இனி ஏழு மணிக்குத்தான் அடுப்பு. நான்காவது கடைக்காரர் காப்பி மட்டும் தருகிறேன் என்றார். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு இந்த நாட்டில் சுற்றுவதாக இருந்தால் பையில் பிஸ்கட் பாக்கெட் இல்லாமல் கிளம்பாதீர்கள். அக்காவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

காப்பாற்றியது ஒரு பேக்கரி. பன்றித் துண்டு போடாத லீக் கீஷ் (வெங்காயத்தாள் வகை ஒன்றைப் போட்டு, முட்டை ஊற்றிச் சுட்டது) ஒன்று 4.80, சிவப்பு பிரலீன் பதித்த பிரியோஷ் ரொட்டி ஒன்று 3.50. சர்க்கரையில் புரட்டிய பாதாம் சிவப்பாக உருகி ரொட்டிக்குள் ஓடியிருக்கிறது, இந்த ஊர் பண்டம். கடைக்காரம்மா அக்காவின் முகத்தைப் பார்த்தார், வரிசையில் நின்ற இரண்டு பேரிடம் ஏதோ சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். அந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மழை விட்டபோது மேட்டுப் பகுதியான க்ருவா ரூஸுக்கு ஏறினோம். பட்டு நெசவாளர்கள் இருந்த பேட்டை. உயரமான தறி நிற்பதற்காகவே கூரையை உயர்த்திக் கட்டிய வீடுகள். கட்டடங்களுக்குள்ளேயே புகுந்து அடுத்த தெருவில் வெளியே வரும் சந்துகளை ட்ரபூல் என்கிறார்கள், துணியை நனையாமல் கொண்டுபோக அவைதான் வழி. துளையிட்ட அட்டையால் ஓடும் தறியை 1800-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஜக்கார் இந்த ஊர்க்காரர். ஆரணியிலும் காஞ்சிபுரத்திலும் தறிக்கு மேலே தொங்குகிறதே அட்டைமாலை, அவர் பேரில் வழங்கும் அதே ஜக்கார்டுதான். ஒரு பழைய தறியைப் பார்த்ததும் அக்கா பசியை மறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். அங்கே காட்டிக்கொண்டிருந்த ஆளுக்கு ஆங்கிலம் அரைகுறை, அக்காவுக்குப் பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது. எப்படியோ கால் மணி நேரம் பேசினார்கள்.

நவம்பர் 16, வியாழன் – லியோன்

நவம்பர் மூன்றாவது வியாழன் என்றால் அந்த வருடத்து போஜோலே புது ஒயின் வெளிவரும் நாள். திராட்சைத் தோட்டங்கள் ஊருக்கு வடக்கே பக்கத்திலேயே இருக்கின்றன, அதனால் காலையிலிருந்தே கடைவாசலில் பீப்பாய் போட்டிருந்தார்கள்.

மதியம் பன்னிரண்டேகாலுக்கே, நேற்றைய பயத்தில், ஒரு புஷோனில் போய் உட்கார்ந்துவிட்டோம். லியோனின் சாதாரணச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அதுதான் பேர். கட்டம் போட்ட மேசைத்துணி, தோள் இடிக்கும் நாற்காலிகள், 29 யூரோவுக்கு மூன்று பதார்த்தம். பன்றிக் குடல், மாட்டு வயிறு, தலைக்கறி எல்லாம் இங்கே விசேஷம், ஆகவே அக்காவுக்கு மெனுவில் பாதி அடிபட்டுப் போனது. முதலில் பச்சைப் பாலாடைக்கட்டியில் வெங்காயத் தண்டும் பூண்டும் வினிகரும் அடித்துக் கலந்தது ஒன்று, ரொட்டியில் தடவிச் சாப்பிட. அப்புறம் கெனெல். பைக் என்ற ஆற்று மீனின் சதையை மாவும் முட்டையும் வெண்ணெயும் சேர்த்து அரைத்து உருட்டி, நன்னீர் இறால் சாஸில் போட்டு அடுப்பில் வைக்கிறார்கள். அது உப்பி, மேலே பழுப்பாகத் தோல் கட்டி, சாஸ் இன்னும் குமிழிட்டுக்கொண்டிருக்கும்போதே மேசைக்கு வருகிறது. மீன் முள் ஒன்றுகூட இல்லை. நாக்கைச் சுட்டுக்கொண்டே சாப்பிட்டோம்.

பக்கத்தில் தனியாக ஒரு பெரியவர், எண்பது இருக்கும். அவர் தட்டில் அந்துயெட், குடலைக் குடலுக்குள்ளேயே அடைத்த சாசேஜ். நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக் காட்டி, அப்புறம் விரல் நுனியை முத்தமிட்டுக் காட்டினார். இரண்டுமே உண்மை என்று வாசனையிலேயே தெரிந்தது. தன் குப்பியிலிருந்து எனக்கு அரை கிளாஸ் புது ஒயின் ஊற்றினார், கேட்காமலேயே. அடி கனமான கண்ணாடிக் குப்பி, 46 சென்டிலிட்டர்தான் பிடிக்கும், லியோனுக்கு என்றே ஓர் அளவு. ஒயின் சுமார். பழ மிட்டாய் வாசனை. பெரியவருக்கும் அதில் மாற்றுக் கருத்து இருந்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் இரண்டாவது குப்பி சொன்னார்.

இந்த ஊர் சமையலை வளர்த்தவர்கள் பெண்கள். பணக்கார வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்தவர்கள் வெளியே வந்து சொந்தக் கடை போட்டார்கள். ‘மேர்’, அதாவது அம்மா என்றே அவர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் யூஜெனி பிராஸியே. விவசாயக் குடும்பத்துப் பெண், 1921-இல் கடை திறந்தார், 1933-இல் இரண்டு ரெஸ்டாரன்டுகளுக்கும் மூன்று மூன்று நட்சத்திரம், ஒரே ஆளுக்கு ஆறு. பிற்பாடு உலகப் புகழ் பெற்ற பால் போக்யூஸ் இளவயதில் இவரிடம்தான் வேலை கற்றார். ஊர் முழுக்க போக்யூஸின் படம் இருக்கிறது, இந்த அம்மாவைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அக்காவுக்கு இதில் கோபம்.

நவம்பர் 17, வெள்ளி – லியோன்

சரி, அந்தச் சாப்பாடு.

கடையின் பேர் வேண்டாம். ஒரு நட்சத்திரம், சோன் ஆற்றங்கரைப் பக்கம் சின்ன சந்து. முன்பதிவின்போதே கார்டு நம்பர் வாங்கிக்கொண்டார்கள், வராமல் போனால் தலைக்கு 50 யூரோ பிடித்துக்கொள்வார்களாம். அக்கா அரக்குக் கலரில் ஆரணிப் பட்டு, மேலே ஸ்வெட்டர், கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ. என் ஷூ நேற்று நனைந்தது, ஒவ்வொரு அடிக்கும் கீச் கீச் என்று சத்தம். அந்தச் சத்தத்தோடேதான் உள்ளே போனேன். கதவைத் திறந்ததும் இருவரும் ஒரே குரலில் போன்ஜூர் சொன்னோம்.

குடை, கோட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள், டோக்கன் கிடையாது. அக்கா கையில் ஜவுளிக்கடை கட்டைப்பை. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயிட்டர் ஒரு நிமிடம் காணாமல் போய், முழங்கால் உயரத்தில் தோல் தைத்த ஒரு குட்டி ஸ்டூலோடு வந்தார், நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். பைக்கு. கைப்பையைத் தரையில் வைக்கக் கூடாது என்பதற்காக இப்படி ஒரு ஆசனமாம். ‘ஆரணி சில்க்ஸ்’ என்ற எழுத்துகள் பெரிதாக வெளியே தெரிய, மஞ்சள் பை ராணி மாதிரி அதில் வீற்றிருந்தது.

மெனு வந்தது. அக்கா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “எனக்குக் குடுத்ததுல விலையே போடலடா, அச்சடிக்க விட்டுட்டாங்களா?” என்னுடையதில் இருந்தது. பழைய பாணி ரெஸ்டாரன்டுகளில் விருந்தாளி கைக்கு விலை இல்லாத அட்டை கொடுப்பது இன்னும் உண்டு, அழைத்து வந்தவர் கையில்தான் விலை. ஆண் என்றால் அழைத்து வந்தவர் என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். காசு அக்காவுடையது. அட்டைகளை மாற்றிக்கொண்டோம்.

மதிய மெனு 64 யூரோ. அதே அட்டையின் பின்பக்கம் இரவு மெனு 135. யாழ்ப்பாணத்து ஆளை மனதுக்குள் கும்பிட்டேன்.

முதலில் வாய்க்குச் சின்னதாக மூன்று. சீஸ் போட்டுப் பொரித்த மாதிரி உப்பியிருக்கும் கூஜேர் (பொரித்ததில்லை, சுட்டது), விரலளவு கேரட் ஒன்று, கரண்டியில் மீன் முட்டை. அடுத்தது பூசணி சூப்பில் செஸ்ட்நட் தூவி. சூப் சாதாரணம்தான், எந்த வீட்டிலும் வைக்கலாம். ஆனால் ரொட்டி! புளித்த மாவு ரொட்டி, தோல் கருக்கச் சுட்டது, உள்ளே ஈரம், கூடவே உப்பு போட்ட வெண்ணெய். இதுவே போதும் என்று அக்கா இரண்டாவது துண்டிலேயே சொல்லிவிட்டார்.

இதற்குள் பக்கத்து மேசைக்கு ஒரு தள்ளுவண்டி வந்தது. மேலே செம்புப் பாத்திரம், அதற்குள் கால்பந்து அளவுக்கு ஊதிய, ஒளி ஊடுருவும் ஒரு பலூன். வயதான தம்பதி முன்கூட்டியே சொல்லி வைத்த சாப்பாடு போலிருக்கிறது, அந்த அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். தலைமை வெயிட்டர் கத்தி முனையால் ஒரு கீறு. பலூன் ஒரே மூச்சில் சுருங்கியது, ஆவி எழும்பியது, உள்ளே வெள்ளைத் தோலோடு ஒரு முழுக் கோழி. பன்றியின் மூத்திரப் பைக்குள் கோழியை வைத்துக் கட்டி, சூடான சாற்றில் மெதுவாக வேகவிடுவது இந்த ஊர்ப் பழைய பக்குவம். அப்புறம் அவர் அதை வெட்டியது இன்னும் விசேஷம். கோழி மேல் கை படவே இல்லை. இடது கையில் முள்கரண்டி, வலது கையில் கத்தி, தொடையின் மூட்டைத் தேடி நுனியால் ஒரு திருகு, கால் தானே கழன்று வந்தது. நெஞ்சைத் தோல் கிழியாமல் எடுத்தார், ஒரு சொட்டு மேசைத்துணியில் இல்லை. பலூன் எதனால் ஆனது என்று நான் சொன்னதும் அக்கா தட்டைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார். “நமக்கு வர்றது அது இல்லையே?”

இல்லை. எங்களுக்கு வந்தது பிரெஸ் கோழியின் நெஞ்சுத் துண்டு, உலர்ந்த மொரேல் காளான், ஜூரா மலைப்பக்கத்து மஞ்சள் ஒயினும் க்ரீமும் வற்ற வற்றக் காய்ச்சிய சாஸ். பிரெஸ் என்பது லியோனுக்கு வடகிழக்கே இருக்கும் பகுதி. வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால் என்று பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறமும் இருக்கும் கோழி, 1957-லிருந்து சட்டப் பாதுகாப்பு. ஒவ்வொரு கோழிக்கும் குறைந்தது 10 சதுர மீட்டர் புல்தரை, ஏறக்குறைய நாலு மாதம் வளர வேண்டும். கறி கெட்டி, நாட்டுக்கோழி மாதிரி மெல்ல வேண்டியிருக்கிறது, ஆனால் நார் இல்லை. ஒயின் விஷயத்தில் அக்காவுக்குத் தயக்கம் வரும் என்று நினைத்தேன். “கொதிச்சதுல போதை எங்கடா இருக்கும்” என்று ரொட்டியால் சாஸை வழித்துச் சாப்பிட்டார். வழித்த தட்டைப் பார்த்த வெயிட்டர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. கேட்காமலே இன்னும் ரொட்டி, கூடவே குட்டிப் பாத்திரத்தில் இன்னும் கொஞ்சம் சாஸ்.

நடுவில் அக்காவின் முள்கரண்டி கீழே விழுந்தது. குனிவதற்குள் மடித்த துணியில் வேறொன்று வந்துவிட்டது. யார் பார்த்தார்கள், எங்கிருந்து பார்த்தார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை.

சீஸ் வண்டி வந்தபோது மணி இரண்டரை. மென்மையிலிருந்து காரத்துக்குப் போகும்படி தட்டைச் சுற்றி வைத்தார்கள், அந்த வரிசையில்தான் சாப்பிட வேண்டும். வழிந்து ஓடும் சேன் மார்செலின், இரண்டு வருடம் பழுத்த கொம்தே, கடைசியில் நீலப் பூஞ்சணம் படிந்த ஃபுர்ம் தாம்பேர். பூஞ்சணத்தை அக்கா தொடவில்லை. கொம்தே மட்டும் மறுபடி வாங்கிக்கொண்டார். இனிப்பு ஏமாற்றம்: ஷார்த்ரூஸ் மதுபானம் ஊற்றிய சூஃப்லே என்ற முட்டைப் பலகாரம், ஆள் உயரத்துக்கு வராத குறையாக உப்பி வந்தது, வாயில் போட்டால் கஷாயம். மலைத் துறவிகள் 130 மூலிகை போட்டுச் செய்யும் சரக்கு அது, கஷாயமாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்.

மூன்றே முக்கால் வரை உட்கார்ந்திருந்தோம். எனக்குப் புரிந்தவரை, கொடுக்கும் காசில் பாதி அந்த மேசைக்குத்தான். இன்னொரு குழு உட்காரப் போவதில்லை, அன்று மதியம் அந்த மேசை எங்களுடையது. நம் ஊரில் இலையை மடிக்கும்போதே பில் வந்து நிற்கும், நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் கையை வைத்து நிற்பார். இங்கே நாமாகக் கேட்காமல் பில் கொண்டுவருவது அவமரியாதை. ரொட்டித் துணுக்குகளை வளைந்த தகட்டால் சுரண்டி எடுத்தார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், போனார்கள். அக்கா தன் முதல் போஸ்டிங் பற்றி, ஜவ்வாது மலை அடிவாரப் பள்ளிக்கூடம் பற்றி, நான் இதுவரை கேட்டிராத கதைகளைச் சொன்னார். வீட்டில் இத்தனை நேரம் எதிரெதிரே உட்கார்ந்ததே இல்லை.

பில் என் பக்கம் வைக்கப்பட்டது. அக்கா கை நீட்டி எடுத்துக்கொண்டார். இரண்டு மெனு 128, என் ஒயின் 14, அவருடைய பேரிக்காய் ஜூஸ் 9, இரண்டு காப்பி 12. மொத்தம் 163. “கிட்டத்தட்ட பதினாலாயிரத்து எழுநூறு ரூபா” என்று கால்குலேட்டர் இல்லாமல் சொல்லிவிட்டு, கூட்டல் சரியா என்று ஒரு முறை பார்த்தார். ஜூஸ் 9 யூரோ என்பதுதான் அவருக்கு உறுத்தியது, மற்றதில் குறை சொல்லவில்லை. வாசலில் டோக்கன் இல்லாமலே எங்கள் கோட்டுகள் தயாராக நின்றன. அக்காவின் ஈரக் குடையை யாரோ துடைத்து, மடித்து, பட்டன் போட்டிருந்தார்கள்.

நவம்பர் 18, சனி – லியோன்

காலையில் போக்யூஸ் பேரில் இருக்கும் மூடிய சந்தை. எதிர்ச் சுவரில் அவருடைய பிரம்மாண்டமான படம், வெள்ளைத் தொப்பியோடு. ஊருக்கு வெளியே அவருடைய ரெஸ்டாரன்ட் 1965-லிருந்து மூன்று நட்சத்திரம் வைத்திருந்தது. 2018-இல் அவர் இறந்தார், 2020-இல் ஒன்றை எடுத்துவிட்டார்கள், நாடே துக்கம் விசாரித்ததாம்.

சந்தையில் தலை, நீலக் கால் எல்லாம் அப்படியே வைத்து பிரெஸ் கோழி. இடது காலில் வளர்த்தவர் பேர் போட்ட வளையம். ஒன்று 38 யூரோ. நேற்று சாப்பிட்ட துண்டின் கணக்கை அக்கா அங்கேயே நின்று போட்டுப் பார்த்துவிட்டு, அவர்கள் அதிகம் எடுக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். கொம்தே கால் கிலோவும், நன்கு பழுத்த சேன் மார்செலின் இரண்டும் வாங்கினோம். சீஸ்காரம்மா, இன்றைக்குச் சாப்பிடவா நாளைக்கா என்று கேட்டு, கட்டை விரலால் அழுத்திப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

நவம்பர் 19, ஞாயிறு – பாரீஸ்

மழை. ரயிலில் ஏறிய பத்தாவது நிமிடம் மேலே வைத்திருந்த கட்டைப்பையிலிருந்து வாசனை வர ஆரம்பித்தது. எதிர் சீட்டில் இருந்த பெண் புத்தகத்திலிருந்து தலை தூக்கினார், நாங்கள் தரையைப் பார்த்தோம். “சேன் மார்செலினா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, மறுபடி படிக்கப் போய்விட்டார். விமானம் நாளைக்கு. சீஸ் பொட்டலம் இப்போது ஹோட்டல் ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் தொங்குகிறது, அறைக்குள் வைக்க அக்கா சம்மதிக்கவில்லை.